சிவப்புப் புள்ளி போட்ட வயிறுகள்

மீன் ஆபீஸ், சிங்கப்பூர்
7 மார்ச் 1960

திரு. செல்லக்கண்ணு அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். படித்துவிட்டுக் கிழித்துக்கொள்ளும்.

நீர் இங்கிருந்து போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. ஆபீஸ் காரியம். பொத்தோங் பாசிர் பக்கம் காலாங் ஆற்றை நேராக வெட்டி, சிமெண்டுக் கரை கட்டி, குறுக்கே மதகு போட்டார்களே, அந்த மதகுக்கு மேல் தேங்கி நிற்கும் தண்ணீரில் இப்போது வலை போட்டால் ஜப்பான் மீனைத் தவிர வேறொன்றும் அதிகம் சிக்குவதில்லை. ஜப்பான்காரன் ஆட்சியில் சோற்றுக்கு வழியில்லாத நாளில் கொண்டுவந்து விட்ட மீன். அவன் போய்விட்டான், இது போகவில்லை. ஓடுகிற ஆறாக இருந்தவரை அடங்கிக் கிடந்தது, தண்ணீரைக் கட்டிப்போட்டதும் பெருகிவிட்டது.

அதைத் தின்ன ஒரு மீன் வேண்டும். தோமானைக் கொண்டுவந்து விடலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். விரால் சாதியில் பெரியது, ஆளுயரம் வளரக்கூடியது, அகப்பட்டதை விழுங்கும். ஆதாரம் உம்முடைய நோட்டுகள்தான். மதகு வருவதற்கு முன் அதே ஆற்றில் பிடித்த முந்நூற்றுப் பன்னிரண்டு தோமான்களின் வயிற்றை நீர் வெட்டிப் பார்த்ததில் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஜப்பான் மீன் இருந்தது.

மேலிடம் ஒப்புக்கொண்ட மாதிரிதான். லண்டனிலிருந்து வந்திருக்கும் நிபுணர் மட்டும் மூல நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். ஏழாம் நோட்டில் பல எண்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டார். என் பெயரில் இருக்கும் அறிக்கை, எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? பழைய குறிப்புகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சமாளித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் புள்ளி என்ன என்று மாதக் கடைசிக்குள் இரண்டு வரி எழுதி அனுப்பும். நீர் தேக்கா மார்க்கெட்டில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். திட்டம் நடந்தால் தினக்கூலிக்கு ஆட்கள் எடுப்பார்கள். சொல்லிப் பார்க்கிறேன்.

தனசேகரன்
உதவி அதிகாரி


டேங்க் ரோடு முருகன் துணை

ஜாலான் புசார்
12 மார்ச் 1960

ஐயா தனசேகரன் அவர்களுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மீன் சுற்றுவதற்கு எங்கள் கடையில் காகிதம் எப்போதும் தேவைப்படுகிறது, முழுத்தாளாக இருந்தால் நல்லது.

நடந்ததைப் பேச எழுதவில்லை என்கிறீர்கள். நான் பேசுகிறேன். எனக்கு உங்களைப் போல வேறு ஆபீஸ் காரியம் இல்லை. நாலு வருடம் அந்த நாற்றத்தில் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு வயிறுகளை வெட்டினேன். எது எதைத் தின்றது, எவ்வளவு தின்றது, எந்தப் பக்கமாக விழுங்கியது என்று என் கையால் எழுதினேன். நீங்கள் மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்று எத்தனை ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போவீர்கள். அறிக்கையில் உம் பெயரும் வரும் என்று மூன்று தீபாவளிக்குச் சொன்னீர்கள். இப்போது உங்கள் வாயாலேயே என் பெயரில் இருக்கும் அறிக்கை என்கிறீர்கள். சந்தோஷம்.

வயிறுகளை ஊறப்போட்ட ஸ்பிரிட் ஜாடிகளை விருந்தாளிகளுக்குக் காட்டத் திறந்தது யார்? மூடியைத் திருகாமல் லீவு போட்டுப் பினாங்கு போனது யார்? நான் அந்த இரண்டு வாரமும் அம்மை போட்டு வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்தால் ஸ்பிரிட் எல்லாம் ஆவியாகி, இருநூறு வயிறுகள் அழுகிக் கிடந்தன. மேலிடத்தில் கேட்டதும் நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று எனக்குப் பாடம். "செல்லக்கண்ணு ஜாடி ஸ்பிரிட்டைக் குடிக்கும் பழக்கமுள்ளவன்." கள்ளுக்கடைப் பக்கம் போனாலே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவன் நான். நமக்கு மீன் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஹனீபா பாய் யாரும் கூப்பிடாமலே ஆபீசுக்கு வந்து, "இவர் குடிச்சு நான் பாத்ததே இல்ல" என்று சொன்னார். அவர் பேச்சை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

என் மகள் கமலாவுக்குச் செம்பாவாங் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருக்கும் பையனோடு பரிசம் போட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். விருந்தில் நீங்களும் சாப்பிட்டீர்கள். பையனின் தாய்மாமன் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது மாடிக்குக்கூட ஏறவில்லை. கீழே பூட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டு, செத்த மீன் ஊறின தண்ணியைக் குடிக்கிறவன் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று கடைக்காரர் காது படக் கேட்டுவிட்டுப் போனார்.

புள்ளி கேட்டீர்கள். தின்றது என்ன மீன் என்பதில் எள்ளளவும் சந்தேகம் இல்லாதவற்றுக்குப் புள்ளி வைத்தேன். செதில் உதிராமல், கண் மங்காமல், முழுசாக உள்ளே கிடந்தவை. நிபுணரிடம் அப்படியே சொல்லுங்கள். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

தினக்கூலி வேண்டாம். இங்கேயும் மீன்தான் வெட்டுகிறேன், ஆனால் வாங்க வருகிறவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

செல்லக்கண்ணு


மீன் ஆபீஸ்
2 ஏப்ரல் 1960

திரு. செல்லக்கண்ணு அவர்களுக்கு,

உம் கடிதத்தில் முக்கால்வாசியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளும். கோபத்தில் எழுதியது. மிச்சக் கால்வாசிக்கு நன்றி.

நிபுணருக்குப் பரம திருப்தி. சந்தேகத்துக்கு இடமில்லாத வயிறுகளை மட்டும் தனியாக எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணினேன். புள்ளி வைத்தவை நூற்றுத் தொண்ணூறு, அவற்றில் நூற்று எழுபத்தைந்தில் ஜப்பான் மீன். புள்ளி இல்லாதவற்றில்தான் இறால், தவளை, பனையேறிக் கெண்டை என்று அரைகுறையாகச் செரித்தது எல்லாம் கலந்து கிடந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டோம். இப்போது என் அறிக்கை முன்பைவிடப் பலமாக நிற்கிறது. இப்படி ஒரு அடையாளம் வைத்திருப்பதை நீர் அப்போதே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜொகூரிலிருந்து நானூறு தோமான் வருகின்றன. ஒவ்வொன்றும் முழ நீளம். மே மாத நடுவில் மதகுக்கு மேல் விடுகிறோம். பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். எனக்கு இந்த வருடக் கடைசியில் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருக்கிறது, இது நல்ல சமயத்தில் வந்தது.

தனசேகரன்


ஜாலான் புசார்
9 ஏப்ரல் 1960

ஐயா அவர்களுக்கு,

பலமாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பலம் கிடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரியே எடுத்துக்கொள்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

ஒரே ஒரு வரி. "ஜாடிகள் கெட்டதற்குச் செல்லக்கண்ணு காரணமில்லை, அவர் குடித்ததாக நான் எழுதியது தவறு." உங்கள் கையால் எழுதி, மேலிடத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வேலை திரும்ப வேண்டாம், அறிக்கையில் பெயரும் வேண்டாம், அதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்ச் செம்பாவாங்கில் காட்டுவேன். பையன் இன்னும் வேறு இடத்தில் பெண் பார்க்கவில்லை என்று கேள்வி.

கமலா இப்போது சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கேயும் பேச்சு போயிருக்கிறது. டீச்சர்கள் சாப்பிடும் அறைக்குள் இவள் நுழைந்தால் யாரோ ஒருத்தி சீசா மூடியைத் திறக்கிற மாதிரி விரலைத் திருகிக் காட்டுகிறாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அங்கே கூட்டுகிற அம்மாள் மார்க்கெட்டுக்கு வந்தபோது சொன்னாள். இவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சலில் பாதி எனக்காக, பாதி இதற்காக.

அந்த ஒரு வரியை எழுதினீர்கள் என்றால், புள்ளியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்வேன். தோமான் ஆற்றில் விழுவதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மே மாதம் வரை காத்திருக்கிறேன்.

செல்லக்கண்ணு


மீன் ஆபீஸ்
25 ஏப்ரல் 1960

திரு. செல்லக்கண்ணு அவர்களுக்கு,

நீர் கேட்பது நடக்காத காரியம். ஜாடி விவகாரம் முடிந்து, பைலைக் கட்டி மேலே வைத்தாகிவிட்டது. நான் எழுதியது தவறு என்று இப்போது எழுதினால் அடுத்த கேள்வி, அப்படியானால் மூடியைத் திறந்து வைத்தது யார் என்பது. நேர்முகத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியை நானே வரவழைத்துக்கொள்ள வேண்டுமா? நீரே என் இடத்தில் இருந்து யோசியும்.

உம் மகள் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. நல்ல பெண். வேறு இடம் அமையாமலா போகும்.

புள்ளியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் என்று பேரம் பேசுகிறீர். என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்க வேண்டாம். புள்ளிக்கு உள்ள அர்த்தத்தைப் போன மாதமே எழுதிவிட்டீர், இனிமேல் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இத்தோடு இந்தக் கடிதப் போக்குவரத்தை நிறுத்திக்கொள்வோம்.

தனசேகரன்


ஜாலான் புசார்
27 ஏப்ரல் 1960

ஐயா அவர்களுக்கு,

சரி. நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

தோமான் நன்றாக வளரட்டும். உங்கள் படத்தைப் பத்திரிகையில் தேடிப் பார்ப்பேன்.

செல்லக்கண்ணு


அரசாங்கக் குவார்ட்டர்ஸ்
16 ஜனவரி 1961

செல்லக்கண்ணு,

இதை ஆபீசிலிருந்து எழுத முடியவில்லை, வீட்டிலிருந்து எழுதுகிறேன். அங்கே என் மேஜையைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள்.

டிசம்பர் வெள்ளத்தில் மதகுக்கு மேல் தண்ணீர் ஏறி, கரை தாண்டி, பொத்தோங் பாசிர் மீன் குளங்களுக்குள் பாய்ந்தது உனக்குத் தெரியும். தண்ணீரோடு தோமானும் போனது. வடிந்த பிறகு பார்த்தால், பதினோரு குளங்களில் கெண்டைக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. வாத்துக் குஞ்சுகளைக் காலைப் பிடித்து இழுத்து விழுங்குவதைச் சீனக் குளத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் செத்த வாத்துகளைக் கூடையில் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் கொட்டினார்கள். ஹனீபாவும் அங்கே குளம் வைத்திருக்கிறான், அவனுடைய இரண்டும் காலி.

சரி, வெள்ளம் யார் கையிலும் இல்லை, ஆற்றிலாவது ஜப்பான் மீன் குறைந்திருக்கும் என்று வலை போட்டுப் பார்த்தோம். குறையவில்லை. இரண்டு பங்கு ஆகியிருக்கிறது. அதன் தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் அடக்கிக் காப்பாற்றுகிறது. வழி தவறி வெளியே வருகிற குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தது பனையேறிதான், அது என் அறிக்கையிலேயே நாலாம் பக்கத்தில் இருக்கிறது. தோமான் அந்தப் பனையேறியையும் இறாலையும்தான் தின்று தீர்த்திருக்கிறது. ஐம்பது தோமானை நானே வெட்டிப் பார்த்தேன். ஆமாம், நானே. மூன்றில்தான் ஜப்பான் மீன் இருந்தது.

நேற்று ஹனீபாவைக் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் எப்படிப் பிடித்தாய், எங்கே வைத்தாய் என்று கேட்டேன். அவன் சர்வ சாதாரணமாகச் சொன்னான். திங்கள் முதல் பிடித்த மீனையெல்லாம் பெரிசு சின்னது பார்க்காமல் ஒரே மூங்கில் கூடையில் போட்டு, உயிரோடு இருக்கட்டும் என்று தண்ணீரில் முக்கி வைப்பானாம், வெள்ளிக்கிழமை வேன் வரும் வரைக்கும். கூடைக்குள் தோமானுக்குப் பக்கத்தில் ஜப்பான் மீன். ஓட இடமில்லை.

செதில் உதிராமல், கண் மங்காமல் என்று எழுதினாயே. ஆற்றில் தின்றதல்ல, கூடையில் தின்றது. அந்த நூற்றுத் தொண்ணூறும் கூடையில் தின்றவை. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் புள்ளி வைத்திருக்கிறாய். தெரிந்துதான் எனக்கு அப்படி எழுதினாய். நீ மனுஷனா?

அடுத்த மாதம் இருபதாம் தேதி விசாரணை. பதில் எழுது.

தனசேகரன்


ஜாலான் புசார்
20 ஜனவரி 1961

ஐயா அவர்களுக்கு,

மரியாதை "நீ" வரைக்கும் இறங்கிவிட்டது. பரவாயில்லை, உங்களுக்கு வருத்தம்.

தெரியும். இரண்டாம் வருடமே தெரியும். காலையில் தின்றதும் முந்தாநாள் தின்றதும் வயிற்றுக்குள் எப்படி இருக்கும் என்று ஐந்நூறு வயிறு வெட்டியவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இவ்வளவு ஜப்பான் மீன் எப்படி எப்போதும் புத்தம் புதிதாகவே இருக்கிறது என்று யோசித்து, ஒரு புதன்கிழமை பஸ் பிடித்துப் போய் அந்தக் கூடையைப் பார்த்தேன். வந்த அன்றே சிவப்புப் பென்சில் வாங்கினேன். கூடையில் தின்றதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும் என்று உங்களிடம் சொல்லத்தான் புள்ளி வைத்தேன். நோட்டை உங்கள் மேஜையில் வைத்து, இதைக் கொஞ்சம் பேச வேண்டும் ஐயா என்றேன். பிறகு என்றீர்கள். மூன்று முறை பிறகு என்றீர்கள். நாலாம் முறை ஜாடி வந்துவிட்டது.

ஹனீபா பாய் மேல் பாயாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் வேன் வரும், மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னது நீங்கள். நாலு வருடத்தில் ஒரு தடவை அந்தக் கரையில் உங்கள் சப்பாத்துக் கால் பட்டிருந்தால் கூடையைப் பார்த்திருப்பீர்கள்.

நான் பொய் எழுதவில்லை. என்ன மீன் என்பதில் சந்தேகமில்லை என்று எழுதினேன். எங்கே தின்றது என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டேன், அதையும் ஒளிக்கவில்லை. பதவி உயர்வுக்காக நீங்கள் தேடிக்கொண்ட மீனே உங்களை விழுங்கட்டும் என்று நினைத்தேன். மே மாதம் பத்திரிகையில் நீங்கள் வாளியைச் சரிக்கிற படம் வந்தது. அதை வெட்டி மீன் வெட்டும் பலகைக்கு மேல் ஒட்டி வைத்தேன். கத்தியைத் தீட்டும் போதெல்லாம் பார்ப்பேன். ஏப்ரலில் ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனையும் இல்லை. உங்களுக்கு நான் வாசல் திறந்துதான் வைத்தேன்.

வெள்ளம் என் யோசனையில் இல்லை. தோமான் ஜப்பான் மீனை விட்டுவிட்டு வேறு எதையாவது தின்றுகொண்டு ஆற்றிலேயே கிடக்கும், நீங்கள் அசடு வழிவீர்கள், அவ்வளவுதான் நான் நினைத்தது. ஹனீபா பாயின் குளம் போனதை உங்கள் கடிதத்தில்தான் முதலில் அறிந்தேன். போய்ப் பார்த்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டம்ளரை அப்படியே வைத்தேன். அவரிடம் எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

விசாரணையில் என்ன சொல்வேன் என்று கேட்க நினைப்பீர்கள். நான் கேட்ட வரி என் கைக்கு வராமல் உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

செல்லக்கண்ணு


அரசாங்கக் குவார்ட்டர்ஸ்
3 பிப்ரவரி 1961

அன்புள்ள செல்லக்கண்ணு அவர்களுக்கு,

கோபத்தில் மரியாதைக் குறைவாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்னைவிட வயதில் மூத்தவர்.

நீங்கள் கேட்டதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வரி அல்ல, ஒரு பக்கம். ஜாடிகளைத் திறந்தது நான், மூடாமல் போனது நான், நீங்கள் அம்மை போட்டுக் கிடந்தீர்கள், குடித்ததாக எழுதியது பொய். கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். வெறும் வாய்ச்சொல்லை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் முதலிலேயே அனுப்புகிறேன். விசாரணை முடிந்த பிறகு இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், செம்பாவாங்குக்கு நானே உங்களோடு வந்து சொல்கிறேன். அதற்கு முன்னால் மட்டும் வெளியே எடுக்க வேண்டாம்.

பதிலுக்கு நான் கேட்பது பெரிதில்லை. கூடை விஷயம் நம் இருவருக்குமே தெரியாது, ஹனீபா மறைத்துவிட்டான் என்று சொல்லுங்கள். புள்ளி தெளிவுக்காக வைத்தது, அவ்வளவுதான். நிபுணருக்கும் அப்படி முடிந்தால் நல்லது, அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஹனீபாவுக்கு இழக்க ஆபீஸ் உத்தியோகம் ஒன்றும் இல்லை. திட்டி அனுப்பிவிடுவார்கள், இனிமேல் ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது, குளம் வைக்கக் கூடாது என்பார்கள். அவன் வேறு தொழில் பார்த்துக்கொள்வான். எனக்கு மூன்று குழந்தைகள். வேலை போனால் இந்த வீட்டையும் விட வேண்டும்.

உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள். அவள் வாழ்க்கை இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

தனசேகரன்


ஜாலான் புசார்
11 மார்ச் 1961

ஐயா தனசேகரன் அவர்களுக்கு,

நீங்கள் குவார்ட்டர்சைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விசாரணையில் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும் நீங்கள் எழுந்து நின்றதை மறக்க மாட்டேன். இரண்டரை வருடமாக அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். பார்த்தேன். அந்த நிமிஷம் இனித்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காகிதத்தைக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். உங்களுக்கு அடி, எனக்கு விடுதலை. ஆனால் அவர்கள் ஹனீபா பாயைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். கூடையை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, ஆற்றோரமாகத்தானே வைத்திருந்தேன், செல்லக்கண்ணு அண்ணன்கூட ஒரு நாள் வந்து பார்த்தாரே என்றார். எனக்குக் கூடையைப் பற்றித் தெரியும் என்பதைச் சொல்லி என்னை மாட்டிவிடுவதாக அந்த மனிதர் நினைக்கவில்லை, எனக்குச் சாட்சி சொல்வதாகவே நினைத்தார். போன தடவையும் அப்படித்தான் வந்து நின்றார்.

அதனால் சொன்னேன். நல்லவனாகச் சொல்லவில்லை, அவர் முகத்துக்கு முன்னால் வேறு எதுவும் வாயில் வரவில்லை. கூடையைப் பார்த்தது, புள்ளி வைத்தது, உங்களுக்கு வேண்டுமென்றே அரை உண்மையை எழுதியது, மே மாதம் வரை காத்திருந்தது, வாயை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சீனக் குளத்துக்காரர்களில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டு, என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். ஹனீபா பாயை விட்டுவிட்டார்கள். குளத்துக்காரர்கள் எல்லாருக்கும் கெண்டைக் குஞ்சு அரசாங்கமே கொடுக்கப்போகிறது. பாய் இப்போது எங்கள் கடைக்கு மீன் போடுவதில்லை. இரண்டு கடை தள்ளிப் போடுகிறார். என்னைக் கண்டால் சலாம் மட்டும் சொல்கிறார்.

உங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். என் பேரில் இருந்த குறிப்பை அடித்துவிட்டு, குடித்தது நிரூபிக்கப்படவில்லை, பொய்ப் புகார் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். நான் கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

செம்பாவாங்கில் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். விசாரணையில் நான் சொன்னதும் பத்திரிகையில் வந்திருந்தது, அவர்கள் படித்துத்தான் இருந்தார்கள். தாய்மாமன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ்காரனைக் கவிழ்த்த சாமர்த்தியசாலி என்று என் முதுகில் தட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருகிறோம் என்றார். இந்தத் தடவை மாடி ஏறி வருவார்கள்.

நான் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குடிகாரன் மகள்னு பேசினப்ப அது பொய்னு எனக்குத் தெரியும்பா. அதனால எங்க போனாலும் உக்காந்து சாப்பிட முடிஞ்சுது. இப்ப பேசறது உண்மை. நான் என்னன்னு போய் உக்காருவேன்?"

நான் வாங்கி வந்ததை மேஜையில் வைத்தேன். அவர்கள் வந்து காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றேன். அடுத்த நோட்டை எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"அப்பா குடிப்பாருன்னு சொல்லிடுங்க."

செல்லக்கண்ணு